எம்.ஜி.பி.க்கு அலாய் வீல்: முதலில் காரை அளந்துகொள்ளுங்கள்

கோத்தகிரியில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். தாத்தா காலத்து எம்.ஜி.பி. ரோட்ஸ்டர் ஒன்று வீட்டில் இருக்கிறது, இரண்டு பேர் உட்காரும் திறந்த பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், 1967 மாடல். நான்கு நட்டு போடும் பழைய இரும்பு வீல்கள் உள்பக்கம் துருப்பிடித்துவிட்டன. கோயம்புத்தூரில் ஒரு கடையில் 15 இன்ச் உயரம், 6.5 இன்ச் அகலத்தில் அழகான அலாய் வீல் காட்டியிருக்கிறார்கள். "ஓட்டை மட்டும் கொஞ்சம் வித்தியாசம், அடாப்டர் போட்டால் உட்கார்ந்துவிடும்" என்று சொல்லியிருக்கிறார்கள். வாங்கலாமா என்பது கேள்வி.

அந்த செட்டை வாங்க வேண்டாம், தம்பி. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இதே தப்பைச் செய்து பணத்தையும் டயரையும் பறிகொடுத்தவன் நான்.

குன்னூரில் என்னிடம் 1969 எம்.ஜி.பி. இருக்கிறது. வாங்கிய புதிதில் நானும் அடாப்டர் வைத்து 15 இன்ச் வீல் மாட்டினேன். கடை வாசலில் பார்த்தபோது மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் ஒரு விரல் நுழையும் இடைவெளி இருந்தது. கோயம்புத்தூரில் இருந்து மேட்டுப்பாளையம் வரை ஒரு சத்தமும் இல்லை. பர்லியார் தாண்டி வலப்பக்கம் ஒடிக்கிற கொண்டை ஊசி வளைவில் பின்னால் இருந்து 'கர்ர்' என்று ஒரு சத்தம். அடுத்த வளைவில் மறுபடி. நிறுத்திப் பார்த்தால், இடது பின் டயரின் தோள்பட்டையில் கேரட் சீவியது போல ரப்பர் சுருள் சுருளாகத் தொங்கிக்கொண்டிருந்தது. மட்கார்டு விளிம்பு கத்தி மாதிரி வேலை செய்திருக்கிறது. டிக்கியில் சாமான், பக்கத்தில் மனைவி, வலது திருப்பத்தில் பாடி இடது பக்கம் சாய்கிறது, பின் ஸ்பிரிங் அமுங்குகிறது. கடை வாசலில் இருந்த ஒரு விரல் இடைவெளி அங்கே காணாமல் போய்விட்டது.

சமவெளியில் ஓட்டுகிறவருக்கு இது வருடக் கணக்கில் தெரியாமல்கூடப் போகலாம். நமக்கு அப்படி இல்லை. மேட்டுப்பாளையம்-குன்னூர் பாதையில் 14 கொண்டை ஊசி, கல்லட்டியில் 36. ஒவ்வொன்றிலும் ஸ்டீயரிங் முழுக்க ஒடிகிறது, பாடி சாய்கிறது, ஸ்பிரிங் அமுங்குகிறது, இறங்கும்போது பிரேக்கும் சூடாகிறது. இந்த நான்கும் ஒரே நேரத்தில் நடக்கும்போது எங்கேயும் உரசாத வீல்தான் மலையில் பொருந்துகிற வீல்.

முதலில் ஓட்டை விஷயம். எம்.ஜி.பி.யின் நான்கு நட்டு வீலுக்கு பி.சி.டி. நாலரை இன்ச், அதாவது 114.3 மி.மீ. வீல் நட்டு ஏறுகிற நான்கு ஸ்டட்டுகளின் மையம் வழியாக ஒரு வட்டம் வரைந்தால் அதன் விட்டம்தான் இது. நான்கு ஸ்டட் என்பதால் அளப்பது எளிது: ஒரு ஸ்டட்டின் வெளி விளிம்பில் தொடங்கி, நேர் எதிர் ஸ்டட்டின் உள் விளிம்பு வரை அளந்தால் போதும். நம் ஊர்க் கடைகளில் குவிந்து கிடப்பது 4×100 வீல்கள், அதாவது நான்கு ஓட்டை, 100 மி.மீ. பி.சி.டி., ஸ்விஃப்ட், டிசையர் வகை. வித்தியாசம் 14.3 மி.மீ., ஆகவே ஒவ்வொரு ஓட்டையும் ஏழு மி.மீ. தள்ளி இருக்கும். இதைச் சரிக்கட்ட இரண்டு வழி சொல்வார்கள். ஒன்று, ஓட்டையை அடைத்து வெல்டிங் வைத்து மறுபடி துளை போடுவது. இதற்கு எந்த நிலையிலும் சம்மதிக்காதீர்கள். வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அலாயின் பலம் போய்விடும், வீலின் முழுச் சுமையையும் தாங்குகிற இடமும் அதுவேதான். இன்னொன்று அடாப்டர். ஹப்பில், அதாவது வீல் போய் உட்காருகிற சுழலும் பகுதியில், ஒரு தடித்த அலுமினிய வட்டை முடுக்கி, அதன் மேல் வீலை முடுக்குவது. நல்ல அடாப்டர் உடையாது என்றே வைத்துக்கொள்வோம். ஆனாலும் அது வீலை வெளியே தள்ளுகிறது, அதில்தான் மற்றத் தொல்லைகள் எல்லாம் ஆரம்பிக்கின்றன.

இதைப் புரிந்துகொள்ள ஆஃப்செட் தெரிய வேண்டும். வீல் அகலத்தின் நட்டநடுக் கோட்டுக்கும், ஹப்போடு ஒட்டுகிற முகத்துக்கும் உள்ள தூரம் அது. ஒட்டுகிற முகம் நடுக்கோட்டுக்கு வெளியே, அதாவது தெருப் பக்கம் இருந்தால் பிளஸ். வீலின் மேல் 'ஈ.டி. 38' என்பது போலப் பொறித்திருப்பார்கள், ஜெர்மன் சொல் ஒன்றின் சுருக்கம் அது. பழைய இரும்பு வீலில் பெரும்பாலும் எதுவும் இருக்காது, நீங்களேதான் அளக்க வேண்டும். வீலைக் கழற்றி முகம் குப்புறப் படுக்க வையுங்கள். ரிம்மின் உள்பக்க விளிம்புகள் மேல் ஒரு நேரான மரச் சட்டத்தைக் குறுக்கே வைத்து, அதன் அடியில் இருந்து ஹப்போடு ஒட்டுகிற முகம் வரை ஆழம் பாருங்கள். ரிம்மின் மொத்த அகலத்தில் பாதியை அந்த ஆழத்தில் இருந்து கழித்தால் ஆஃப்செட். ஒன்றை மறக்கக்கூடாது: ஐந்தரை இன்ச் ரிம் என்றால் அது டயர் உட்காரும் இடத்தின் அகலம். விளிம்போடு சேர்த்து அளந்தால் ஏறக்குறைய ஓர் இன்ச் கூடுதலாக வரும். ஐந்தரை இன்ச் வீலின் மொத்த அகலம் ஆறரை இன்ச், 165 மி.மீ. பாதி 82.5. ஆழம் 105 வந்தால் ஆஃப்செட் பிளஸ் 22.5.

இப்போது கடைக்காரர் காட்டிய வீலைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உங்கள் இரும்பு வீல் 4 இன்ச் அகலம், ஆஃப்செட் பிளஸ் 25 என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். ஹப் முகத்தில் இருந்து வெளியே அது நீட்டிக்கொண்டிருப்பது 38 மி.மீ. சொச்சம், உள்ளே 88 சொச்சம். புது வீல் 6.5 இன்ச், ஈ.டி. 38, அதற்கு 25 மி.மீ. அடாப்டர் என்றால் கையில் நிற்கிற ஆஃப்செட் 13தான். வெளியே 82 மி.மீ., உள்ளே 108 மி.மீ. அதாவது வெளியே 44 மி.மீ., உள்ளே 20 மி.மீ. அதிகம். இதற்கு மேல் டயரின் வயிறு வேறு இருக்கிறது. ஒல்லியான ரோட்ஸ்டரின் மட்கார்டுக்குள் நான்கு சென்டிமீட்டரை எங்கே ஒளிப்பது? விளிம்பைச் சுத்தியலால் மடக்கலாம் என்பார்கள். அறுபது வருடத் தகடு, உள்ளே துரு, மேலே பெயிண்ட். மடக்கினால் வெடிக்கும்.

உரசலை விடுங்கள், வீல் வெளியே போகப்போக முன் ஸ்டீயரிங்கின் குணமே மாறிவிடும். குழியில் இறங்கினால் ஸ்டீயரிங் கையைப் பிடுங்கும், நிறுத்தித் திருப்பும்போது கனக்கும், பேரிங்குக்கும், முன் வீல் திரும்புகிற அச்சான கிங்பின்னுக்கும் நெம்புகோல் போலச் சுமை கூடும். பவர் ஸ்டீயரிங் இல்லாத காரில் இதை முதல் நாளே தோள்பட்டையில் உணர்வீர்கள். இத்தனை எளிமையான காரில் ஸ்டீயரிங் பேசுகிற பேச்சுதான் பாதி சுகம், அதைக் கெடுத்துக்கொள்ள எனக்கு மனசு வராது.

சரி, எதை வாங்கலாம்? அதற்கு முன் உங்கள் காரையே அளக்க வேண்டும். எம்.ஜி.பி. 1962 முதல் 1980 வரை தயாரான கார், எல்லாம் ஒன்று போல இருக்காது. ரோட்ஸ்டருக்கு 1967-ல்தான் பின் ஆக்சில் மாறியது. அதற்கு முன்பு வந்த கார்களில் பான்ஜோ வகை, அதற்குப் பிறகு வந்தவற்றில் டியூப் வகை. வண்டிக்குப் பின்னால் குனிந்து பாருங்கள். ஆக்சில் நடுவில் உருண்டையாக இருக்கிற டிஃபரன்ஷியலின் பின்பக்கம் போல்ட் போட்ட மூடி இருந்தால் டியூப், வழவழப்பான உருண்டையாக இருந்தால் பான்ஜோ. அதோடு, ஸ்போக் வீல் காருக்கு வந்த ஆக்சில் நான்கு நட்டு வீலின் ஆக்சிலைவிடக் குட்டை. அறுபது வருடத்தில் யாராவது மாற்றிப் போட்டிருக்கலாம். ஆகையால் 'எம்.ஜி.பி.க்குப் பொருந்தும்' என்று பெட்டியில் எழுதியிருப்பதை மட்டும் நம்ப முடியாது.

இடதையும் வலதையும் தனித்தனியாக அளக்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். இந்தக் கார்களில் பின் ஆக்சில் பாடிக்கு நடுவில் சரியாக உட்கார்ந்திருப்பது அபூர்வம். என் காரில் இடது பக்க இடைவெளி வலதைவிட 9 மி.மீ. குறைவு. அன்றைக்குச் சீவியது இடது டயர் மட்டும்தான் என்பதற்குக் காரணம் அதுதான். உங்கள் காரிலும் இடது பின்பக்கத்தை முதலில் பாருங்கள்.

அளக்கும் முறை இது. நம் ஊரில் சமமான தரை கிடைப்பதே கஷ்டம், கார் ஷெட் தரை போதும். மற்ற வீல்களுக்கு இரு பக்கமும் கல் வையுங்கள். டிக்கியில் இரண்டு மூட்டை உருளைக்கிழங்கு ஏற்றுங்கள், முன்னால் இரண்டு பேர் உட்காரட்டும். இந்தச் சுமையில் மட்கார்டு விளிம்பு டயரின் எந்த உயரத்துக்கு வருகிறது என்று சாக்பீஸால் டயரில் கோடு போடுங்கள். அப்புறம் எல்லோரும் இறங்கி, வண்டியை ஸ்டாண்டில் பத்திரமாக நிறுத்தி, வீலைக் கழற்றி, ஹப் முகத்தின் மேல் நேரான சட்டத்தை நிறுத்தி இரண்டு அளவு எடுங்கள்: வெளியே மட்கார்டு விளிம்பு வரை, உள்ளே முதலில் இடிக்கக்கூடிய பொருள் வரை. பின்னால் அது லீஃப் ஸ்பிரிங்காகவோ உள் தகடாகவோ இருக்கும். முன்னால் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்துப் பாருங்கள், டயரின் உள் தோள் எதை நெருங்குகிறது என்று தெரியும். பின் டயருக்கு நான் இரு பக்கமும் குறைந்தது 12 மி.மீ. விடுவேன். லீஃப் ஸ்பிரிங்கின் ரப்பர் புஷ் தளர்ந்த காரில் திருப்பத்தில் ஆக்சிலே பக்கவாட்டில் நகரும். புஷ் தேய்ந்திருந்தால் வீலுக்கு முன் அதை மாற்றுங்கள்.

முன் பிரேக் காலிப்பர், அதாவது பிரேக் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற பகுதி, வீலில் இடிக்குமா என்று பார்க்க ஒரு வீட்டு வைத்தியம். உருண்டை உருண்டையாகச் சப்பாத்தி மாவு பிடித்து, மெல்லிய பிளாஸ்டிக் தாளில் சுற்றி, காலிப்பரின் வெளி முகத்திலும் மேல் முதுகிலும் ஒட்டுங்கள். வாங்கப்போகிற வீலை மாட்டி, நட்டை மெதுவாக முடுக்கி, கையால் ஒரு சுற்று சுற்றுங்கள். கழற்றிப் பார்த்தால் மாவு எவ்வளவு மெல்லிசாக நசுங்கியிருக்கிறதோ அதுதான் இடைவெளி. 3 மி.மீ.க்குக் குறைந்தால் அந்த வீலைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். குன்னூரில் இருந்து இறங்கும்போது காலிப்பரும் வீலும் சூடாகி விரியும். பேலன்சிங்குக்கு உள்பக்கம் ஒட்டுகிற ஈயப் பட்டையும் சேர்ந்து அந்த இடத்தைத்தான் கேட்கும். ஒட்டு விட்டுப்போன பட்டை காலிப்பரில் சிக்கிக் கீறிய ரிம்மை நானே பார்த்திருக்கிறேன்.

நட்டுக்கு வருகிறேன். கார் பார்க்கிறவர்கள் நட்டைப் பார்ப்பதே இல்லை. இந்தக் காரின் ஸ்டட் அரை இன்ச், இன்ச்சுக்கு 20 மரை, யு.என்.எஃப். வகை. 12 மி.மீ. நட்டு இதில் ஏறாது, ஏற்றுகிறேன் என்று யாராவது காற்றுத் துப்பாக்கியை எடுத்தால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். அடுத்து நட்டு உட்காரும் இடம். இரும்பு வீலுக்குக் கூம்பு வடிவ நட்டு. அலாய் வீல்களில் சிலவற்றுக்குக் கூம்பு, சிலவற்றுக்குக் குழாய் போல நீண்ட கழுத்தும் தட்டை வாஷரும் உள்ள நட்டு. கூம்பு நட்டைத் தட்டை ஓட்டையில் போட்டால் ஒரு மயிரிழை வட்டத்தில் மட்டும் பிடிக்கும், ஓரிரு மலை ஏற்றத்தில் தளர்ந்துவிடும். வீலோடு அதற்குரிய நட்டையும் சேர்த்தே வாங்குங்கள். அலாயின் மையம் இரும்புத் தகட்டைவிடத் தடிப்பு என்பதால் மரை போதுமா என்றும் பார்க்க வேண்டும். குறைந்தது ஸ்டட்டின் விட்டம் அளவுக்கு, அதாவது அரை இன்ச் ஆழம் நட்டு ஏற வேண்டும். இன்ச்சுக்கு 20 மரை என்றால் அரை இன்ச்சுக்குப் பத்துச் சுற்று. நட்டு மரையைப் பிடித்த இடத்தில் இருந்து முடுகும் வரை எண்ணுங்கள். ஆறு ஏழு சுற்றிலேயே முடுகிவிட்டால் நீள ஸ்டட் போட வேண்டும்.

வீலின் நடு ஓட்டை ஹப்பைவிடப் பெரிதாக இருந்தால் வளையம் போடுவார்கள். இந்த வகைக் காரில் வீலை மையப்படுத்துவது பெரும்பாலும் நட்டுதான், வளையம் கூடுதல் உதவி. போடுவதானால் கோயம்புத்தூர் லேத் பட்டறையில் அலுமினியத்தில் கடைந்து வாங்குங்கள். பிளாஸ்டிக் வளையம் நம் இறக்கத்துச் சூட்டில் இளகிப்போகும்.

இவ்வளவும் பார்த்த பிறகு என் தேர்வு: 14 இன்ச் உயரம், 5.5 இன்ச் அகலம், 4×114.3, உங்கள் கார் அளவுக்கு ஒத்த ஆஃப்செட். 5 இன்ச் கிடைத்தாலும் நல்லதே. 1970-க்குப் பிறகு இந்தக் காரிலேயே வந்த ராஸ்டைல் இரும்பு வீல் 14×5தான். எட்டு ஆரம் வைத்த மினிலைட் பாணி அலாய் இந்த அளவில் வருகிறது. அறுபதுகளின் ராலிக் கார்களில் ஓடிய வடிவம் அது. இந்தக் காரின் இடுப்புக்கும் மூக்குக்கும் அது பொருந்துவது போல வேறு எதுவும் பொருந்துவதில்லை என்பது என் தீர்மானமான எண்ணம். வெளிநாட்டில் இருந்துதான் வரவழைக்க வேண்டியிருக்கும், கப்பல் செலவும் வரியும் சேர்ந்து வலிக்கும். பரவாயில்லை, ஒரு தடவைதான். ஆனால் ஆதிகால மக்னீசிய வீல் மலிவாகக் கிடைக்கிறது என்று விழுந்துவிடாதீர்கள். மக்னீசியம் ஈரத்தில் உள்ளுக்குள் அரித்துப்போகும், நம் மூடுபனிக்கு ஆகவே ஆகாது. பழைய அலாய் எதை வாங்கினாலும் விரிசல் காட்டும் சாயப் பரிசோதனை செய்யுங்கள், கோயம்புத்தூர் இன்ஜினியரிங் பட்டறைகளில் செய்து தருவார்கள்.

15 இன்ச்சே வேண்டும் என்று மனசு கேட்டால், 5.5 இன்ச் அகலத்துக்குள் நில்லுங்கள். டயரின் மொத்த உயரத்தையும் பாருங்கள். 165/80 ஆர்14 என்றால் டயர் அகலம் 165 மி.மீ., பக்கச் சுவரின் உயரம் அதில் 80 சதவீதம், ரிம் 14 இன்ச். 165/80 ஆர்14 டயரின் விட்டம் ஏறக்குறைய 620 மி.மீ. 185/65 ஆர்15 டயர் 621, கிட்டத்தட்ட அதே. 185/70 ஆர்14 போட்டால் 615. ஆனால் கடைகளில் தள்ளிவிடுகிற 185/60 ஆர்14 வெறும் 578. ஸ்பீடோமீட்டர் ஏழு சதவீதம் கூட்டிக் காட்டும், வண்டியின் வயிறும் இரண்டு சென்டிமீட்டர் இறங்கும். எஸ்டேட் பாதையில் எக்ஸாஸ்ட் தரையைத் தொடும். எனக்குப் பிடித்தது 165/80 ஆர்14தான். ஸ்விஃப்டும் டிசையரும் இந்த அளவில் ஓடியதால் எந்த ஊரிலும் கிடைக்கும். ஒல்லி டயர் மழையில் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும், ஸ்டீயரிங்கும் இலகுவாக இருக்கும். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும், 2324 என்றால் 2024-ம் வருடம் 23-வது வாரம் செய்தது. ஷெட்டிலேயே நிற்கிற கார்களில் டயர் தேயாது, கெட்டிதட்டிப் போகும். ஆறேழு வருடம் தாண்டியதை, தரையைத் தொடுகிற பட்டன் தேயாமல் புதிதாகத் தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள். பழைய ரிம்முக்குள் டியூப்லெஸ் போடுவதற்கு முன், டயர் உட்காரும் இடத்தில் மேடு ஒன்று சுற்றிலும் ஓடுகிறதா என்று பாருங்கள். அந்த மேடு இல்லாத ரிம்மில் காற்றுக் குறைந்தால் திருப்பத்தில் டயர் இடம்விட்டு நழுவும். அங்கே டியூப்தான் சரி.

ஸ்போக் வீல் பற்றியும் நினைத்திருப்பீர்கள், எல்லோரும் நினைப்பதுதான். அழகு, மறுக்கவில்லை. ஆனால் அதற்கு வேறு ஹப் வேண்டும், முன்பு சொன்ன குட்டை ஆக்சிலும் வேண்டும். இல்லாமல் ஹப்பின் மேல் ஹப் வைத்தால் மறுபடி வெளியே நீட்டும். இறக்கத்தில் பிரேக், ஏற்றத்தில் இழுவை என்று மாறிமாறி அடிப்பதால் ஹப்பின் பல்வரிசை மலையில் சீக்கிரம் தேயும். கிளட்ச் விடும்போது 'டக்' என்று கேட்டால் அதுதான். ஸ்போக் வீலை நடுவில் ஒரே ஒரு பெரிய நட்டுதான் பிடிக்கும். வலது பக்கம் இடது மரை, இடது பக்கம் வலது மரை என்பதால் மாற்றிப் போட்டால் நடு நட்டு தானே கழன்றுகொண்டு வரும். மாதா மாதம் பார்த்துக்கொள்ளப் பொறுமை இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள்.

மாட்டும்போது ஹப் முகத்தில் உள்ள துருவைக் கம்பி பிரஷால் சுத்தமாக எடுங்கள். அலாயும் இரும்பும் ஈரத்தில் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும், அதனால் அந்த முகத்தில் மட்டும் செப்பு கிரீஸ் மெல்லிசாகத் தடவலாம். ஸ்டட் மரையில் தடவக்கூடாது. நட்டை எதிரெதிராக, முடுக்கும் விசையை அளந்து காட்டுகிற டார்க் ஸ்பேனரால் 60 முதல் 65 பவுண்ட்-அடி வரை முடுக்குங்கள். முதல் ஓட்டம் கோத்தகிரியில் இருந்து மேட்டுப்பாளையம் வரை இறங்கி ஏறுவதாக இருக்கட்டும். கிளம்பும் முன் மட்கார்டின் உள் விளிம்பில் நான்கு பக்கமும் சாக்பீஸை அழுத்தித் தேய்த்துவிடுங்கள். திரும்பி வந்ததும் டயர் தோள்களில் வெள்ளை ஒட்டியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். வீல் ஆறிய பிறகு நட்டுகளை மறுபடி ஒருமுறை டார்க் பாருங்கள், அலாய் முதல் தடவை கொஞ்சம் அமர்ந்துகொடுக்கும்.

பழைய இரும்பு வீல்களில் துரு குறைந்த ஒன்றை எடுத்துச் சுரண்டி பெயிண்ட் அடித்து ஸ்டெப்னியாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்குரிய பழைய கூம்பு நட்டு நான்கையும் ஒரு துணிப்பையில் கட்டி ஜாக்கியோடு போட்டுவையுங்கள். அலாயின் கழுத்து நீண்ட நட்டு அந்த இரும்பு வீலைப் பிடிக்காது.